பதினெட்டுக் கவசங்கள்

என் சகலையை ஆஸ்பத்திரியில் எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவர் வேலை. அவர் குத்தினால் கொசு கடித்த அளவுக்குத்தான் தெரியும். சில பேருக்கு அதுவும் தெரியாது. "முடிஞ்சுதா? எப்ப குத்துனீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். நரம்பே அகப்படாத முதியவர்களும், வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே வீறிடும் பிள்ளைகளைத் தூக்கி வரும் தாய்மார்களும் வாசலிலேயே "கொசு இருக்காரா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிவிடுவார்கள். அவருக்கும் அந்தப் பெயரில் ஒரு பெருமை இருந்தது. வீட்டில் அக்கா மட்டும் அதைச் சொல்லவிட மாட்டார். "என் புருஷன் ரத்தம் குடிக்கிறவர்னு நானே தண்டோரா போடணுமா?" என்பார்.

அக்கா என்றது என் மனைவியின் அக்காவை. நானும் கொசுவும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ்களைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவன். "நாம ரெண்டு பேருமே மில்லிமீட்டர்ல பொழப்பு நடத்துறவங்க சகலை" என்பார் அவர்.

சகலைகள் என்றால் விசேஷ வீட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்ப்பவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்களை ஒட்டவைத்தது பொம்மைகள். ஒரு பெரிய மேசையில் குன்று, ஆறு, இடிந்த கோட்டை எல்லாம் செய்து வைத்து, கட்டைவிரல் உயரப் படைவீரர்களை அளவுநாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு அது. வீரர்கள் சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் கை வேறு, தலை வேறாக வருவார்கள். ஒட்டி வண்ணம் தீட்டுவது நம் பாடு. சைக்கிள் கடை மாடியில் அதற்கு ஒரு சங்கம் இருந்தது. ஒரு நூலகர் அம்மா அதை நடத்தி வந்தார். கொசு ஆடுவதில் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை. மூன்றாவது சுற்றிலேயே அவர் படை சிதறிவிடும். "என் ஆளுங்க சண்டைக்கு வந்தவங்க இல்ல. போட்டோ எடுத்துக்க வந்தவங்க" என்று சிரிப்பார்.

ஆனால் உலோகக் கவசம் தீட்டுவதில் அந்தச் சங்கத்தில் அவரை அடிக்க ஆளில்லை. முதலில் பொம்மை முழுக்கக் கறுப்பு அடிப்பார். காய்ந்ததும் அதன்மேல் வெள்ளிப் பூச்சு, மெல்லியதாக இரண்டு தடவை. அந்த நிலையில் பார்த்தால் வீரன் பிஸ்கட் பொட்டலத்தின் உள்தாள் சுற்றியவன் போல இருப்பான். அடுத்து வாஷ். தண்ணீரைப் போல நீர்த்த கருமை அது. தூரிகையால் தொட்டு வைத்ததும் தானாக ஓடிப்போய்க் கவசத்தின் மடிப்புகளிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் தேங்கும். மேடான இடங்களில் வெள்ளி அப்படியே நிற்கும். கால்மணி நேரத்தில் பொம்மைக்கு எடை வந்துவிடும். கையில் எடுத்தால் கனக்கும் என்று தோன்றும். காய்கிற வரைக்கும் தொடக்கூடாது. தொட்டால் தண்ணீர் வற்றிய குட்டை மாதிரி வளையம் விழும். காய்ந்த பிறகு தோள்பட்டை, முழங்கால், தலைக்கவசம் இவற்றின் விளிம்புகளில் பளீரென்ற வெள்ளியால் முடி அளவுக்கு ஒரு கோடு இழுப்பார். கடைசியில் அந்தப் பளபளப்பு அடங்க, இன்னொரு தடவை மிக மெல்லிய வாஷ். அவ்வளவுதான். அந்தக் கோட்டை இழுக்கும்போது அவர் மூச்சு விடமாட்டார். ஊசி குத்தும்போதும் அப்படித்தானாம்.

வருடாந்தரக் கண்காட்சிக்காக முழுக்கவசம் போட்ட நாற்பது வீரர்களை நானும் அவரும் சேர்ந்து தீட்ட ஒப்புக்கொண்டோம். கவசம் அவருக்கு. போர்வை, கேடயம், காலடி மண் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுப் பின்னறையில், ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவோம். அக்காவுக்கு இழுப்பு உண்டு, வண்ண வாசனை ஆகாது. அதனால் சாயங்காலம் பொம்மைகளைப் பெட்டியில் நிறுத்தி நான் என் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். அங்கே காய்ந்து, அடுத்த ஞாயிறு திரும்பி வரும்.

எல்லாம் அந்தப் பெட்டியில்தான் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை எனக்குக் கடை விடுமுறை. மனைவி வேலைக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்து என் பங்குக்குப் போர்வைகளுக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது வீரனின் தோள்பட்டையில் அவர் இழுத்திருந்த வெள்ளிக்கோடு ஈசிஜி தாளில் வருவது போல ஏறி இறங்கியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீரனின் முழங்காலில் கோடு விளிம்பைவிட்டு இறங்கி, கவசத்தின் நடுவே வழிந்திருந்தது. கொசுவின் கைவேலையா இது? அந்த வாரம் அவருக்கு இரட்டை வேலை, களைப்பாக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கறுப்பால் மூடி, வெள்ளி பூசி, வாஷ் விட்டு, காய்ந்த பிறகு நானே கோட்டை இழுத்தேன். எனக்கும் கை சும்மா இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு வருடம் பார்த்திருக்கிறேன். நான் இழுத்தது அவர் இழுத்தது போலவே இருந்தது. ரொம்பவே நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் அந்தப் பன்னிரண்டாமவனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இவன் அன்னைக்குக் கொஞ்சம் அலையடிச்ச மாதிரி இருந்தானே சகலை?"

"கடைசி வாஷ் காஞ்சா எல்லாம் அடங்கிடும்னு நீங்கதானே அண்ணா சொல்வீங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "ஆமால்ல" என்று வைத்துவிட்டார். நான் சொன்னதில் பொய் என்று தனியாக எடுத்துக் காட்ட ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அதனாலேயே அது லேசாக வாயில் வந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்கு வேலை இருந்தது. ஒரு வாரம் ஒன்று, இன்னொரு வாரம் மூன்று. அவர் ஒரு பொம்மையை முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடிக்கொண்டே போனது. தூரிகையை வலது கையில் பிடித்து, அந்த மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொள்வார். நான் என் கேடயத்தின் மேல் குனிந்துகொள்வேன். ஒருநாள் என் மனைவி தலைவலி என்று சீக்கிரம் வீடு திரும்பினாள். நான் கறுப்புப் பூசி அழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றாள்.

"அது அத்தான் போட்டது இல்லையா? ஏன் அழிக்கிறீங்க?"

"அண்ணாதான் சரி பண்ணி வைக்கச் சொன்னாரு."

அவள் நம்பினாள். நம்பாமலிருக்க அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை.

ஒரு மாதம் போனது. ஒரு ஞாயிறு மதியம் நூலகர் அம்மா, படை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கப் பின்னறைக்கு வந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு வீரனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், "என்ன கோடுங்க இது! ஒரே மூச்சுல இழுத்த மாதிரி இருக்கே" என்றார். அவர் கையில் இருந்தது நான் திருத்தியவன். கொசு வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. எட்டு வருடமாகக் கேடயமும் காலடி மண்ணும் தீட்டியவன் நான். அன்று யாருக்கும் தெரியாமல் கொசுவாக இருந்தேன். இதையும் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

நூலகர் அம்மா போன பிறகு கொசு ஜன்னலோரம் போய்த் தூரிகையைக் கழுவினார். முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் சகலை. அக்காகிட்ட மூச்சு விடாத. ரெண்டு மாசமா கையில ஒரு உதறல் மாதிரி இருக்கு. சட்டைப் பட்டன் போட நேரமாகுது. ட்யூப்ல பேர் எழுதினா எழுத்து எறும்பு மாதிரி சின்னதாப் போயிடுது. பயந்துட்டேன். புதன்கிழமைக்கு நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருந்தேன்."

என் தூரிகை நின்றது.

"வச்சிருந்தீங்கன்னா?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்." அவர் திரும்பினார். கையில் அந்தப் பொம்மை. "இதைப் பாரு. இந்தக் கோட்டை இழுத்த கைக்கு என்ன நோய் இருக்க முடியும்? வயசாகுது, தூக்கம் பத்தல, அவ்வளவுதான். தீட்டும்போது உதறுற மாதிரிதான் இருக்கு. ஆனா காஞ்சப்புறம் பார்த்தா நேரா நிக்குது. எல்லாம் மனப்பிராந்தி சகலை."

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். நாலே வார்த்தை. அண்ணா, அதை இழுத்தது நான்தான். இப்போது சொன்னால் இத்தனை வாரமும் என்ன செய்தாய் என்பார். நூலகர் அம்மா முன்னால் வெட்கப்பட்டுச் சிரித்தது அவருக்கு எப்படி இருக்கும்? இன்னொரு நாள் சொல்லலாம், தனியாக, பதமாகச் சொல்லலாம். இப்படி ஏதேதோ ஓடியது.

"எதுக்கும் ஒரு தடவை காட்டிடுங்களேன்" என்றேன். அதையும் சத்தம் வராமல் சொன்னேன்.

"காட்டலாம், காட்டலாம். கண்காட்சி முடியட்டும்."

அந்த மதியம் அவருக்கு நல்ல உற்சாகம். இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தார். இரண்டு தடவையும் சாசரில் டீ சிந்தியிருந்தது. நான் சாசரைச் சாய்த்து அதையும் குடித்துவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்குக் கடைக்கு மனைவியின் போன் வந்தது. குரலே சரியில்லை. அத்தான் ஆஸ்பத்திரியில், பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனால் வாங்க என்றாள்.

நடந்தது இதுதான். சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரா வாரம் வரும் ஒரு நோயாளியிடம் ரத்தம் எடுத்திருக்கிறார். எடுத்து முடித்து ஊசியை டப்பாவில் போடப் போகும்போது வலது கை ஒரு உதறு உதறி, ஊசி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. கையுறையைத் துளைத்து, நகத்துக்குக் கீழே. அந்த நோயாளிக்குக் கல்லீரலைத் தாக்கும் கிருமி உண்டு என்பது அவர் கோப்பில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி கிடையாது. குத்திய விரலைக் கழுவிவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, மூன்று மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று. மூன்றிலும் இல்லையென்று வந்தால் பிழைத்தோம்.

நாங்கள் போனபோது அவர் அவருடைய கூடத்திலேயே, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை நீட்டி வைக்கும் பலகை மேல் கட்டுப்போட்ட விரல் கிடந்தது. அக்கா பக்கத்தில் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். இழுப்பு ஆரம்பித்து மூச்சு விசிலடித்தது.

"கை நடுங்குறது மூணு மாசமாத் தெரியுமாம் இவருக்கு" என்றார் அக்கா எங்களிடம். "டாக்டர்கிட்ட நேரம் வாங்கி, அப்புறம் வேண்டாம்னு சொன்னாராம். கேளுங்க தம்பி, நீங்களே கேளுங்க."

கொசு தலையைத் தூக்கவில்லை. "பொம்மையைப் பார்த்துத்தான் ஏமாந்துட்டேன்" என்றார். "கோடெல்லாம் நேரா இருந்துச்சு. என் கண்ணே என்னை ஏமாத்திடுச்சு சகலை."

என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்தேன். முதலில் உள்ளங்கை, அப்புறம் விரலிடுக்கு, அப்புறம் கட்டைவிரல்.

பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். வீட்டுக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"அத்தான் உங்களைச் சரி பண்ணச் சொன்னாரா, இல்லையா?"

"இல்ல."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் பதிலுக்கு ஏதாவது சொல்ல வாய் வந்திருக்கும். "எங்கிட்டயும் பொய் சொல்லியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் பெட்டியோடு போனேன். அவருக்கு விடுப்புக் கொடுத்திருந்தார்கள். லுங்கியும் பனியனுமாகப் பின்னறையில் உட்கார்ந்து பழைய தூரிகைகளைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். என்னையும் பெட்டியையும் பார்த்து, "இனிமே இதெல்லாம் எதுக்கு சகலை, நீயே முடிச்சுடு" என்றார்.

நான் நின்றபடியே சொன்னேன். வரும் வழியெல்லாம் பதமாகச் சேர்த்து வைத்த பேச்சு ஒன்றுகூட வரவில்லை. "அண்ணா, நீங்க பார்த்து நம்புன கோடெல்லாம் உங்களுது இல்ல. திங்கக்கிழமை திங்கக்கிழமை நான் உங்க கோட்டை அழிச்சு என் கோட்டைப் போட்டேன்."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. சோப்பு நுரை கையிலிருந்து சொட்டியது.

"எத்தனை?" என்றார்.

"பதினெட்டு."

"முடிச்சதே முப்பத்தொண்ணு."

"ஆமா."

"எது எதுன்னு எடுத்து வை."

நான் பெட்டியைத் திறந்து மேசையில் இரண்டு வரிசையாக நிறுத்தினேன். இந்தப் பக்கம் அவருடையது, அந்தப் பக்கம் நான் தொட்டது. ஒவ்வொருவனையும் எடுத்து எந்தப் பக்கம் என்று வைக்கும்போதும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து, என் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது கை மடியில் கிடந்து தானாக, மாத்திரை உருட்டுவது போல ஆடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இழுத்திருக்க" என்றார். குரலில் பாராட்டும் இல்லை, குத்தலும் இல்லை. "எதுக்கு?"

"நீங்க பார்த்தா வருத்தப்படுவீங்கன்னு..."

"அதுக்கு மட்டும்தானா?"

"இல்ல. என் கோட்டை உங்க கோடுன்னு நினைச்சுப் புகழ்ந்தாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

அவர் விளக்கைத் தள்ளிவிட்டார்.

"நான் டாக்டர் வேண்டாம்னு சொன்னேனே, அன்னைக்கு நீ எங்க உட்கார்ந்திருந்த?"

"இங்கதான்."

"எனக்கு எதிர்ல. இந்த நாற்காலியில." அவர் மூச்சு வாங்கினார். "ஒரு நாளைக்கு முப்பது பேரைக் குத்துறேன் நான். என் விரல்ல இறங்குச்சு, சரி, என் தலையெழுத்துன்னு விடலாம். அதுக்கு முந்தின நாள் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தைக்கு எடுத்தேன். இத்துனூண்டு கை. அதுல இப்படி ஆகியிருந்தா? கூடத்துல புதுசா சேர்ந்த பொண்ணு ஒரு தடவை கேட்டுச்சு, அண்ணா உங்க கை உதறுதான்னு. எல்லார் முன்னாலயும் அந்தப் பொண்ணை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுதுச்சு. உன் கோட்டை நம்பித்தான்டா திட்டினேன்."

எட்டு வருடத்தில் அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அதில் நெருக்கம் இல்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் தூரிகையை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார். வாசல்வரை அக்கா வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "அவர் சொல்லமாட்டார், நான் சொல்றேன் தம்பி. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். கதவைச் சாத்தவில்லை. நான் படியிறங்கித் தெருத் திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

நரம்பு டாக்டர் பார்த்தார். மூளையில் சுரக்க வேண்டிய ஒன்று குறைந்துவிட்டது, மாத்திரையால் பல வருடம் கட்டுக்குள் வைக்கலாம், ஆனால் ஊசி இனி கூடாது என்றார். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தாலும் நோயில் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்றும் சொன்னாராம். என் மனைவி அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். நோய்க்கு வித்தியாசமில்லைதான். விரலுக்கு வித்தியாசம் உண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆறு வாரப் பரிசோதனை வருகிறவரைக்கும் நான் கடையில் மூன்று லென்ஸை உடைத்தேன். நாற்பது வருடமாகக் கண்ணாடி போடும் வாடிக்கையாளர் ஒருவர் தன் பிரேமை வாங்கிக்கொண்டு, "என்ன தம்பி, உங்களுக்கே கண்ணு சரியில்லையா?" என்றார். மனைவிதான் அக்கா வீட்டுக்குப் போய் வந்தாள். கிருமி இல்லை என்று முதல் முடிவு வந்த அன்று அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். அத்தனை நாளில் அவள் காட்டிய பெரிய கருணை அது.

நான் அங்கேயே விட்டுவந்த பெட்டியும் ஒரு சேதியும் அன்றே கொசுவிடமிருந்து வந்தன. அவள் மூலமாகத்தான். "அந்தப் பதினெட்டையும் கழுவிடச் சொன்னார்."

வண்ணம் கரைக்கும் திரவத்தை வாளியில் ஊற்றி, பதினெட்டுப் பேரையும் ஊறப்போட்டேன். மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். முதலில் வெள்ளி போனது. சலவைத் தொட்டி முழுக்க மீன்செதிள் ஒட்டியது போல மினுமினுத்தது. மடிப்புகளில் இறங்கிய கருமை மட்டும் லேசில் வரவில்லை. குண்டூசியால் சுரண்டி எடுத்தேன். என் சிவப்புப் போர்வைகளும் கூடவே போயின. இரண்டு திங்கட்கிழமை பிடித்தது. ஆரம்பத்தில் இருந்த சாம்பல் நிறத்துக்கே திரும்பிய பொம்மைகளை ஒரு துணியில் பொதிந்து மனைவியிடம் கொடுத்தனுப்பினேன்.

கண்காட்சிக்குப் படை போகவில்லை. ஏன் என்று நூலகர் அம்மா கேட்டார். அந்தக் கோடுகள் என்னுடையவை என்பதையும், அவற்றால் என்ன நடந்தது என்பதையும் அவரிடம் முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப உங்களுக்கும் நல்லா வருதுன்னு அர்த்தம்" என்றார். சமாதானமாகத்தான் சொன்னார். கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. சங்கத்துக்குப் போவதை அத்தோடு விட்டேன்.

கொசு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார், சீட்டுப் பதிகிற மேசைக்கு. புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்ணிடம் முதல் நாளே போய், எல்லோரும் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டாராம். இப்போது அந்தப் பெண் குத்துகிறாள். வீறிடும் பிள்ளைகளை இவர் வந்து பேச்சுக் கொடுத்து வேறுபக்கம் பார்க்க வைக்கிறார். "கொசு இப்ப கடிக்கிறதில்ல, ரீங்காரம் மட்டும்தான்" என்று தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்கிறாராம். என் மனைவி இதைச் சொல்லிச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஆறு மாதப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. அந்த வாரக் கடைசியில் அக்காவே போன் பண்ணினார். "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. அவர்தான் கூப்பிடச் சொன்னார்."

பின்னறையில் மேசை அப்படியே இருந்தது. நான் கழுவி அனுப்பிய பதினெட்டில் ஏழு பேருக்குக் கவசம் வந்திருந்தது. முடி அளவுக் கோடு கிடையாது. அகலத் தூரிகையில் வெள்ளியைத் தொட்டு, துணியில் துடைத்து, மிச்சமிருந்ததை மேடுகளில் உரசியிருந்தார். மேலே வாஷ். அங்கங்கே கருமை குட்டை கட்டி நின்றது. நாலைந்து போரில் அடிபட்டுத் திரும்பியவர்கள் போல இருந்தார்கள்.

"உட்காரு" என்றார். நான் அதே நாற்காலியில் உட்காரத் தயங்கினேன். வேறு நாற்காலி இல்லை. ஒரு கேடயத்தை என் பக்கம் நகர்த்தினார். "உன் வேலையை நீ பாரு."

நாங்கள் தீட்டினோம். அவர் மாத்திரை பற்றிச் சொன்னார். அது வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்டார். எனக்கு விட்டது கிடைத்துவிட்டது என்று நம்ப ஆசையாக இருந்தது.

எட்டாவது வீரனின் தலைக்கவசத்தில் அவர் ஒரு பித்தளைப் பட்டை பூசினார். நெடுநேரம் ஆனது. முடித்ததும் பொம்மையை உயர்த்தி, விளக்கில் திருப்பிப் பார்த்தார். பழைய வழக்கப்படி என் கை அதை வாங்க நீண்டது. அவர் என்னைத் தாண்டி, வாசற்படியில் உட்கார்ந்து அக்காவோடு பேசிக்கொண்டிருந்த என் மனைவியைக் கூப்பிட்டார். வாழ்க்கையில் தூரிகையைத் தொட்டவள் இல்லை அவள்.

"இங்க வாம்மா. இந்தப் பட்டை நேரா இருக்கா பாரு."

அவள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

"கோணலா இருக்கு அத்தான். இந்தப் பக்கம் ரொம்ப இறங்கியிருக்கு."

"அப்படியா!" என்று அவர் சந்தோஷமாகச் சிரித்தார். ஈரத் துணியை எடுத்துப் பட்டையைத் துடைத்துவிட்டு மறுபடி தூரிகையைத் தொட்டார்.

நான் நீட்டிய கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு, கேடயத்தின் மேல் குனிந்தேன்.